இறங்கத் தெரியாத ராஜா

மலைக்கு அந்தாண்ட ஒரு ஊர்ல செம்பின்னு ஒரு பொண்ணு இருந்தா. எதைப் பார்த்து அவ ‘எழும்பு’ன்னாலும் அது எழும்பும், ‘இறங்கு’ன்னு அவளே சொன்னாத்தான் இறங்கும். சிநேகிதி மாராயியைப் புளியமரத்து உச்சிக்குத் தூக்கிவிட்டுக் காய் பறிக்கச் சொல்லுவா. விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? அந்த வயசு கேக்குமா?

அந்த நாட்டு ராஜா கனகசூடன், தனக்கு மந்திரம் தெரியும்னு ஊரெல்லாம் பொய் சொல்லி வெச்சிருந்தான். செம்பி சங்கதி காதுல விழுந்ததும் ஆளனுப்பிப் பிடிச்சுட்டான். மாராயி சும்மா இருந்தாளா? சிப்பாய் கையைக் கடிச்சு வெச்சா. அவளைச் சிறையில போட்டான், செம்பியைத் திரைக்குப் பின்னால நிறுத்தினான். முரண்டு பண்ணினா மாராயி தலை போயிடும்னான்.

தினம் உச்சிவெயில்ல ராஜா சிம்மாசனத்துல உக்காருவான், செம்பி ‘எழும்பு’ம்பா, ஆளுயரத்துக்கு எழும்பும். ராஜா மேல இருக்கிறவரைக்கும் மந்திரியிலிருந்து சிறைக் காவக்காரன் வரைக்கும் எல்லாரும் முற்றத்துக்கு வந்து கை தட்டணும், நிறுத்தினா சவுக்கடி. தூங்கிட்டீங்களா? உம் கொட்டுங்க.

சிநேகிதியை விடுங்கன்னு செம்பி கேட்டா. பொங்கல் வரட்டும்னான். பொங்கல் போய்க் கேட்டா, ஆடி வரட்டும்னான். ஆடியும் போய்க் கேட்டா, சிரிச்சான்.

“அவளை விட்டா நீ இங்க இருப்பியா? சாகுற மட்டும் அவ உள்ளதான்.”

அன்னிக்கு உச்சிவெயில்ல செம்பி எழும்பு, எழும்பு, எழும்புன்னு சொல்லிக்கிட்டே போனா. சிம்மாசனம் கோபுரத்தையும் தாண்டிப் போச்சு. சிறையில கிடக்குற அந்தச் சிறுக்கி தலையை வெட்டுங்கன்னு ராஜா மேலயிருந்து கத்துறான், கைதட்டுல யாருக்குக் கேக்கும்? ராஜா இன்னிக்கு ரொம்ப உசரத்துல இருக்காரு, பலமாத் தட்டுங்கன்னு மந்திரி விரட்டுறான்.

காவலில்லாத சிறைக்குப் போய்ச் செம்பி தாழ்ப்பாளைத் திறந்தா.

“இத்தனை நாளா என்னடி பண்ணினே?”

“விட்டுருவாருன்னு நம்பினேன்டி.”

“ராஜா பேச்சையா? உனக்காகப் போய் ஆளைக் கடிச்சேனே, என்னைச் சொல்லணும்.”

ரெண்டு பேரும் முற்றத்துக்கு வந்தாங்க. அங்க ஒரு கிழவர் உள்ளங்கை சிவந்து, அழுதுகிட்டே தட்டிக்கிட்டிருந்தாரு. மாராயி அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினா. சவுக்கு வெச்சிருந்தவனும் கைதட்டிக்கிட்டிருந்தான், அடிக்க ஆளில்லை. பக்கத்துல இருந்தவ நிறுத்தினா, அவளுக்குப் பக்கத்துல இருந்தவன் நிறுத்தினான், அப்புறம் முற்றமே ஓய்ஞ்சுது.

அப்பத்தான் மேலயிருந்து குரல் கேட்டுச்சு. “செம்பி, தாயே, இறக்கி விடும்மா.”

மந்திரி அண்ணாந்து பார்த்தான். “மகாராஜா, உங்க மந்திரந்தானே. நீங்களே இறங்கிடுங்களேன்.”

ராஜா இறங்குறானான்னு சனங்க கொஞ்சநேரம் பார்த்தாங்க, அப்புறம் அடுப்புல உலை வெச்சது ஞாபகம் வந்து அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அவனுக்கு மழைன்னாலும் மேலதான், வெயில்னாலும் மேலதான். அடுத்தவ வித்தையைத் தன்னுதுன்னு சொன்னா அப்படித்தான் ஆகும். சொல்லி முடிச்சாச்சு, எனக்கும் வாய் வலிக்குது, போர்த்திக்கிட்டுப் படுங்க.