ஒன்பதும் பதினான்கும்

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. அங்கே பிரெயில் அச்சு அறை கதீஜா டீச்சரின் பொறுப்பு. அவருக்கும் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் கணினி வாசித்துச் சொல்லும். அதைக் காதில் கேட்டே நிரல் எழுதுவார். அவரிடம் வேலை கற்க வந்திருந்த மாசிலாமணி, அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

அன்று காலை மாசிலாமணிக்கு ஓர் அவசர வேலை.

மதியம் இரண்டு மணிக்கு அறிவியல் தேர்வு. எழுதப்போவது பதினோரு பிள்ளைகள். வினாத்தாளைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் பழைய நிரலில் தாளின் அகலத்தை மட்டும் திருத்தி, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற மறுபடி கம்பைல் செய்தார். பத்து வருடமாக ஓடிய நிரல். திரை முழுக்கப் பிழைகள்.

"டீச்சர், நேத்து சாயங்காலம் நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

"சொல்லுங்க சார்."

"நான் எழுதுற கணக்குக் குறி நிரலுக்குக் கம்பைலர் பதினாலாவது பதிப்பு வேணும். இந்த மெஷின்ல ஒன்பதுதான் இருந்துச்சு. பதினாலை ஏத்தி, இனிமே எல்லாத்துக்கும் அதுதான்னு டீஃபால்ட்டா வச்சிட்டேன். பழைய நிரல் அதுக்கு ஒத்துவரல."

"ஒன்பதை அழிச்சீங்களா?"

"இல்ல. ஆனா ஆளைக் காணோம். கம்பைலர்னு தட்டி, நீ எந்தப் பதிப்புன்னு கேட்டா, பதினாலுங்குது."

"வேற யாரு பதில் சொல்லுவாங்க?" என்றார் டீச்சர்.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "தாள் வரலன்னா யாராவது உட்கார்ந்து கேள்வியைப் படிச்சுக் காட்டணும். ஒவ்வொண்ணுக்கும் 'இன்னொரு தடவை சார்'னு பிள்ளைங்க கெஞ்சணும்."

"தெரியும். நான் பத்தாவது அப்படித்தான் எழுதினேன்."

டீச்சர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இருக்கிற கம்பைலரையெல்லாம் வரிசையாக் காட்டச் சொல்லுங்க."

மாசிலாமணி தட்டினார். இரண்டு வரிகள் வந்தன. பதினான்குக்குப் பக்கத்தில், அதுதான் டீஃபால்ட் என்று ஒரு நட்சத்திரக் குறி. ஒன்பது எங்கேயும் போகவில்லை. தன் வரியில் அப்படியே இருந்தது.

"இருக்கு டீச்சர்."

"நட்சத்திரத்தை அதுக்குக் கொடுங்க."

கொடுத்தார். நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆனது. சற்று நேரத்தில் பிரெயில் அச்சுப்பொறி தடதடவென்று குத்த ஆரம்பித்தது. அவ்வளவு நேரமும் நின்றுகொண்டே இருந்தது மாசிலாமணிக்கு அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தார்.

டீச்சர் முதல் தாளை விரலால் தடவிப் பார்த்தார். "நாலாம் கேள்வி கஷ்டம். பாவம் பிள்ளைங்க."

மாசிலாமணி தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், என் புது நிரலுக்குப் பதினாலுதான் வேணும். அதுக்காக மாத்துனா இது நின்னுபோகுது. தினமும் அங்கயும் இங்கயும் மாத்திக்கிட்டே இருக்கணுமா?"

டீச்சர் கதவுப் பக்கம் திரும்பினார். "யாராவது கொஞ்சம் வாங்களேன்."

பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு ஆயா புஷ்பம் வந்தார். "யாராவதுன்னா அது நான்தானே. என்ன வேணும்?"

"ஒண்ணும் இல்லக்கா. நீங்க போங்க."

"இதுக்கா பாதிப் பாத்திரத்துல எழுந்து வந்தேன்," என்றபடியே புஷ்பம் போனார்.

டீச்சர் மறுபடி குரல் கொடுத்தார். "சேவியர்."

வராந்தாவில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் சேவியர் ஏணியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், ஃபியூஸ் போயிருச்சா?"

"இல்ல சேவியர். பேரைச் சொன்னா வருவீங்களான்னு பார்த்தேன்."

மாசிலாமணி விசைப்பலகையை இழுத்து, நட்சத்திரத்தை ஒன்பதிடமே விட்டுவிட்டு, கம்பைலரின் பெயரோடு பதினான்கு என்ற எண்ணையும் சேர்த்துத் தட்டினார்.

பதினான்கு வந்தது.