நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

தையல்நாயகி வீட்டுக் கொல்லையில் குழந்தைத் துணிகளை அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள். பூவராகன் வந்து பக்கத்தில் நின்றார். வயதில் அவளுடைய அப்பாவுக்கு மூத்தவர். ஆனாலும் அவளிடம்தான் கணினி கற்றுக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, நாப்பத்தஞ்சு சொட்டு மருந்தான்னு அஞ்சுகம் கேட்குது."

அஞ்சுகத்துக்குக் கண் தெரியாது. வைத்தியர் அனுப்பும் மருந்துச் சீட்டைக் கணினிதான் அவளுக்கு வாசித்துச் சொல்லும். நெஞ்சுக்கான மருந்து. கூடிப்போனால் உடம்பு தாங்காது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

"சீட்டை என்ன பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேன். எழுத்துக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத குறியெல்லாம் கிடந்துச்சு. வாசிக்கிற குரல் அதுல தடுக்கித் தடுக்கி விழுது. ஒரே வரியில கட்டளை போட்டு அத்தனையும் அழிச்சிட்டேன்."

"வடிகட்டுறதுக்குன்னு ஒரு கட்டளை இருக்கே. அதை ஓட்டலையா?"

"அதுவும் அழிக்கத்தானே போகுது? நான் கொஞ்சம் வெரசா அழிச்சேன்."

அவள் சிரிக்கவில்லை.

"அந்த வாளியை எடுத்துக்கிட்டுக் கிணத்தடிக்குப் போங்க."

அவர் பாதி தூரம் போனார்.

"வேண்டாம், திரும்பி வாங்க. வாளியை வச்சிட்டு இந்தக் கொடிக்கயிறைப் புடிங்க."

ஒன்றும் விளங்காமல் அவர் வந்து கயிற்றைப் பிடித்தார்.

"இப்பக் கையில என்ன இருக்கு?"

"கயிறு."

"'திரும்பி வாங்க'ன்னு சொன்னேனே, அது எங்க?"

"சொன்னீங்க, வந்துட்டேன். அதோட அது போச்சு."

"காதுல விழாமலே போயிருந்தா?"

"வாளியோட கிணத்தடியில நின்னிருப்பேன்."

"சீட்டுல என்ன இருந்துச்சு?"

"நாலு. அப்புறம் ஒரு குறி. அப்புறம் அஞ்சு."

"அந்தக் குறி என்ன சொல்லுது?"

"ஓரிடம் பின்னால போ, அடிச்சதுக்கு மேலயே அடிங்குது."

"போனீங்களா?"

பூவராகன் விரலால் காற்றில் நாலு எழுதி, அதன் மேலேயே அஞ்சு எழுதிப் பார்த்தார்.

முன்னறையிலிருந்து அஞ்சுகம் குரல் கொடுத்தாள். "ஐயா, மூடியைத் திறக்கட்டுமா? நேரமாவுது."

"தொடாத தாயி, இதோ வந்துட்டேன்."

கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். நல்லவேளை, வைத்தியர் அனுப்பிய மூலச் சீட்டு அப்படியே இருந்தது. அதை வடிகட்டும் கட்டளைக்குக் கொடுத்தார். கணினி, "ஐந்து சொட்டு" என்று வாசித்தது. அஞ்சுகம் எண்ணி எண்ணி விட்டுக் குடித்தாள்.

திரும்பி வந்தபோது அவர் முகம் முன்னைவிடக் குழம்பியிருந்தது.

"வடிகட்டி வந்ததுலயும் தேடிப் பார்த்துட்டேன், டீச்சரம்மா. குறி ஒண்ணுகூட இல்லை. நான் செஞ்சதும் இதேதானே?"

"நீங்க பார்த்ததும் தொரத்திட்டீங்க. அந்தக் கட்டளை ஒவ்வொரு குறிகிட்டயும் நிக்குது. சொல்றதைக் கேக்குது. போன்னா போகுது, வான்னா வருது. அப்புறமாத்தான் அதை அழிக்க…"

உள்ளே தூளியிலிருந்து குழந்தை கூப்பிட்டது. அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி எழுந்து போனாள்.