கிழக்கே பார்த்த துரை

சிரிப்பு இருக்கிறது, பொறுங்கள். முதலில் நாங்கள் தலைகுனிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கொச்சி யூத ஜெபக்கூடத்தைச் சோதிக்க லண்டனிலிருந்து கார்டோசோ துரை வந்தார். அவர் பேச்சை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். "எருசலேமைப் பார்த்து ஜெபிப்பதுதானே முறை? அது கிழக்கே! தோரா வேதச்சுருள் அலமாரியை மேற்குச் சுவரில் வைத்து, இத்தனை தலைமுறையாக முதுகைக் காட்டியிருக்கிறீர்களே!"

வெட்கத்தில் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நானும் தரையைத்தான் பார்த்தேன்.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் ரிவ்கா அக்காவிடம் துரை திரும்பினார். "சாயங்காலத்துக்குள் அலமாரியை நீ கிழக்கே நகர்த்தாவிட்டால் உனக்கு இங்கே வேலையில்லை!"

அது பத்துப் பேர் தூக்கும் அலமாரி.

"நகர்த்திடறேன் துரை. லண்டன்ல எருசலேம் எந்தப் பக்கம்?"

"கிழக்கு! எத்தனை தடவை சொல்வது?"

"இங்கே எப்படி வந்தீங்க?"

"கப்பலில். கிழக்கே, கிழக்கே, ஒரு மாதம்!"

"எருசலேமைப் பார்த்தீங்களா?"

"பார்க்காமலா? வழியில் இறங்கி, அங்கேயே ஜெபித்துவிட்டு, மறுபடியும் கப்பலேறிக் கிழக்கே..."

காது சிவந்தது. துரை மெதுவாக மேற்குச் சுவரின் பக்கம் திரும்பினார்.