சொத்தைப் பக்கம்

ஏரிக்கரைக் காட்டில் நாள்தோறும் வெயில் தாழ்ந்ததும் இரட்டையர் பந்தாட்டம் நடக்கும். இரண்டு நாவல் மரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய கொடிதான் வலை. பனைமட்டையால் அடிப்பார்கள், பந்து பனையோலையில் முடைந்தது. ஒருபுறம் செம்பன் என்னும் கீரியும் முயலும். எதிர்ப்புறம் கடுவன் என்னும் குரங்கும் அணிலும்.

இடப்பக்கம் வரும் பந்து செம்பனுக்கு எட்டாது. கடுவன் அதை முதல் நாளே கண்டுகொண்டது. "செம்பா, இதோ உன் சொத்தைப் பக்கம்!" என்று கூவிக் கூவிப் பத்து ஆண்டுகளாக அங்கேயே அடித்தது.

"உன் வாலை அறுத்து வலையாகக் கட்டுகிறேன், பார்!" என்று செம்பன் பாயும். பெரும்பாலும் தோற்கும்.

ஒரு மழைக்காலத்தில் பாறை சரிந்து செம்பனின் பின்னங்கால் நசுங்கியது. மூன்று மாதம் வளைக்குள் முடங்கிக் கிடந்தது கீரி. வலி மிகும்போதெல்லாம் அந்தக் கூவலைத்தான் நினைத்துக்கொண்டது.

கோடை பிறந்ததும் நொண்டியபடியே ஆட வந்தது. அன்று பதினொன்றுக்கு மூன்று என்று வென்றது!

"வென்றுவிட்டோம், அண்ணா!" என்று முயல் துள்ளியது.

கீரியும் மகிழ்ந்துதான் போயிற்று. தண்ணீர் குடிக்கக் குனிந்தபோதுதான் உறைத்தது. ஒரு பந்துகூட இடப்பக்கம் வரவில்லை. அந்தக் கூவலும் கேட்கவில்லை.

"கடுவா! ஏன் இடப்பக்கம் அடிக்கவில்லை?"

"இன்று கை பிசகிவிட்டது, செம்பா."

"பத்து ஆண்டு பிசகாத கையா?"

அணில் தரையைப் பார்த்தது. முயல் மெல்லச் சொன்னது: "உங்கள் கால் இப்படி இருக்கிறதே என்று நாங்கள் மூவரும் பேசிக்கொண்டோம், அண்ணா."

"தம்பி, நீயுமா? அப்படியானால் இன்று ஆடியவர்கள் நீங்கள் மூவர்தான். நான் எதற்கு? நாளை முதல் வரமாட்டேன்!"

கீரி மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்தது. பத்தடி போயிருக்கும்.

"ஓடுகிறாயா, செம்பா? மட்டையை எடு! இதோ உன் சொத்தைப் பக்கம்!"

கீரி திரும்பி ஓடி வந்து மட்டையைப் பற்றியது. பந்து இடப்பக்கம் சீறி வந்தது. கீரி பாய்ந்தது, கால் தாங்காமல் புழுதியில் உருண்டது.

"இன்னொன்று அடிடா, நீள்வாலா!" என்று எழுந்து நின்றது.

அந்த ஆட்டத்தில் பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றது. வீடு திரும்பும் வழியெல்லாம், இடப்பக்கப் பந்தை நாளை எப்படி எடுப்பது என்றே முயலிடம் ஓயாமல் பேசிக்கொண்டு போயிற்று.

இரங்கி விட்டுக்கொடுப்பதைவிட, இணையாக மதித்து முழு மூச்சுடன் எதிர்த்து ஆடுவதே நண்பனுக்குச் செய்யும் மரியாதை.