ராஜா அசைஞ்ச படம்

"வேணும்னே செஞ்சேனா? நானா? என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி! எட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அசைஞ்சது உங்க ராஜா. திட்டு மட்டும் எனக்கா?"

வடிவு போட்ட சத்தத்துக்கு, ஸ்டுடியோ வாசல்ல நின்ன ஜமீன் காரியஸ்தர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார்.

"குடைக்காரன் மேல லென்ஸைத் திருப்பி வச்சேனா? ஆமா, அவன்தான் எனக்கு மாமன் மகன்!"

வடிவு அங்க தொழில் பழக வந்து ஒன்றரை வருஷம். வாத்தியார் எஸ்தரம்மா அவளைவிட நாலு வயசு சின்னவ. ராணிகளைப் படம் எடுக்க ஆம்பளை ஆகாதுன்னு, ஜமீன்தான் எஸ்தரம்மாவுக்கு அந்தக் கட்டடத்தை விட்டிருந்துச்சு.

முந்தாநாள் ஜமீன் குடும்பமே படம் எடுத்துக்க வந்துச்சு. மழை மூட்டம், வெளிச்சம் கம்மி. தலை ஆடாம இருக்கப் பிடரிக்குப் பின்னாடி ஒரு இரும்புக் கவட்டை வைக்கிறது வழக்கம். ராணிகள் வச்சுக்கிட்டாங்க. ராஜாவோட தம்பியும் வச்சுக்கிட்டார். ராஜா மட்டும், "என் பிடரியைப் பிடிக்கிறதாவது!"ன்னுட்டார்.

அஞ்சு எண்ணும்போது ராஜா, தம்பி நாற்காலி தன்னோடதைவிட ஒரு விரக்கடை முன்னாடி இருக்கோன்னு திரும்பிப் பாத்தார். தொலைஞ்சுது. படத்துல தலைப்பாகைக்குக் கீழ ரெண்டு மூக்கு, மூணு மீசை.

கூரைக்குள்ளயும் ராஜாவுக்குப் பட்டுக்குடை பிடிக்கணும். பிடிச்சு நின்ன மாடக்கண்ணுக்குக் கவட்டை கிடையாது. ஆனா அவன் நெத்தி வேர்வை முதக்கொண்டு தெளிவா விழுந்திருந்துச்சு.

"மறுபடியும் எடுத்துத் தரேன்னு சொன்னேனே?"ன்னா வடிவு. "ஓஹோ! மறுபடி எடுத்தா, அசைஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமோ?"

காரியஸ்தர் இந்தத் தடவை நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னார். வடிவு முகம் கறுத்துச்சு. திரும்பி எஸ்தரம்மாவைப் பாத்தா.

"கேட்டீங்களா? மாடக்கண்ணைப் படத்துலேர்ந்து சுரண்டி எடுக்கணுமாம். அவன் தெளிவா இருக்கப்போயித்தான் ராஜா கலங்கலாத் தெரியுறாராம். இல்லாட்டி நாளைக்கே கடையைக் காலி பண்ணணுமாம்."

எஸ்தரம்மா மேஜை மேல கிடந்த படத்தை எடுத்துப் பாத்தா.

"வாயைத் திறங்கம்மா! சொன்னபடி நின்னவனை அழிச்சிட்டு, அசைஞ்சவரை வச்சுக்கணுமா? இதைத்தான் எனக்குக் கத்துக்குடுத்தீங்களா?"

"அக்கா, அந்தக் கறுப்புத் தாளைக் கொஞ்சம் எடுங்க."

"சுரண்டத்தான் போறீங்களா?"

"எடுங்க."

வடிவு எடுத்து மேஜை மேல விட்டெறிஞ்சா.

எஸ்தரம்மா அதுல விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கினா. படத்தைக் காரியஸ்தருக்கு நேரா வச்சு, மாடக்கண்ணு மேல துண்டை வச்சு மூடினா. பின்னாடி தொங்கின திரையும் கறுப்புத்தான். அங்க ஒரு ஆள் நின்ன தடமே இல்லை.

பட்டுக்குடை மட்டும் ராஜா தலைக்கு மேல அந்தரத்துல தொங்குச்சு.

வடிவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துச்சு. காரியஸ்தர் படத்தையே பாத்தார். அப்புறம் மெதுவா ஒண்ணு கேட்டார்.

"குடையையும் எடுத்துடணுமா? எடுத்துடலாம் அண்ணாச்சி!"ன்னா வடிவு. "அப்புறம் நடுவுல உக்காந்திருக்கிற மூணு மீசைக்காரர் யாருன்னு ஊர்ல கேட்டா, நீங்களே வந்து சொல்லுங்க!"

எஸ்தரம்மா துண்டை எடுத்துட்டா. மாடக்கண்ணு பழையபடி நின்னான். படத்தை வடிவு கையில குடுத்தா.

"வாசல் கண்ணாடிப் பெட்டியில வைங்கக்கா. நாளைக்குத் தேர். ஊரே இந்த வழியாத்தான் வரும்."

வடிவு போய்ப் பெட்டியைத் திறந்தா.

எஸ்தரம்மா காரியஸ்தர் பக்கம் திரும்பினா.

"ராஜாகிட்டச் சொல்லுங்க. கடைச் சாவியை நாளைக்கு அவர் கையிலயே குடுத்துடறேன். மாடக்கண்ணையும் அழிச்சிடறேன். அதுக்கு முன்னாடி அவரே இந்தத் தெருவுல இறங்கி நின்னு, அத்தனை பேர் காதுலயும் விழுற மாதிரி ஒரே ஒரு பதில் சொல்லட்டும். அவன் இல்லாம குடையை யார் பிடிக்கிறது?"