ஊதாத் தண்டு நாற்று

வெள்ளைக்கார மகாராணி ஆண்ட காலம். மழை ஏய்த்த வருஷத்தில், மடத்துக் களஞ்சியத்திலிருந்து ஓலைப்பெட்டி நிறைய விதைநெல் களவு போனது.

திருடன் அகப்பட்டதுதான் கூத்து. கடைசியில் ஒருவழியாக மழை கொட்டியபோது, கூலிக்காரன் பேச்சிமுத்துவின் குத்தகைத் துண்டில் நாற்று பச்சென்று நின்றது. அடித்தண்டு மட்டும் ஊதா. அந்த நிறம் மடத்து நெல்லுக்குத்தான் உண்டு. திருடியதை இப்படியா வெட்டவெளியில் முளைக்கப் போடுவான் மனுஷன்!

நாட்டாமை மாடுகளோடு வரப்பில் வந்து நின்றார். பறிகொடுத்தவர் வாயாலேயே தண்டனை சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். மடத்துப் பெரியசாமி வந்தார். களஞ்சியம் பார்க்கும் சீடர் நாகலிங்கத் தம்பிரானும் கூட வந்தார். அவருக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாட்டை உள்ளே விடச் சொல்லுங்க சாமி. குடும்பத்தோட ஊரைவிட்டு ஓடட்டும்."

பேச்சிமுத்துவின் மனைவி சுடலி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"எங்களை அடிங்க சாமி. நாத்தை விட்டுருங்க."

பெரியசாமி பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"பசிக்கா எடுத்தே?"

"ஆமா சாமி."

"பின்ன ஏன் திங்கலை?"

"உலக்கையத் தூக்கிட்டேன். இவதான் பிடுங்கிட்டா. தின்னா நாளைக்கும் பசிக்கும், விதைப்போம்னா. கிணத்துத் தண்ணியக் குடத்துல சுமந்து ஊத்தினோம்."

"புள்ளைங்களுக்கு?"

"கீரைதான் சாமி."

சாமி சீடர் பக்கம் திரும்பினார்.

"நாகலிங்கம், நம்ம வயல்ல ஏன் நாத்து இல்லை?"

"விதை இல்லை சாமி."

"இவன் ஒரு பெட்டிதானே எடுத்தான். மிச்சம்?"

தம்பிரான் குரல் இறங்கிவிட்டது.

"இனி எங்கே மழை வரப்போகுதுன்னு... குருபூசைக்கு அவிச்சுட்டேன்."

"சாப்பிட்டது யாரு?"

"நாமதான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாட்டாமை அதட்டினார்.

"தண்டனையைச் சொல்லுங்க சாமி. மாடு நிக்குது."

"மாட்டை ஓட்டிட்டுப் போங்க. அறுப்பு முடிஞ்சதும், எடுத்த பெட்டியை நிறைச்சு இவன் மடத்துல திருப்பி வைக்கட்டும்."

சுடலி வாய்விட்டு அழுதாள். அப்பாடா என்று பேச்சிமுத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தம்பிரானுக்கு மனசு ஆறவில்லை.

"ஒரு பெட்டி விதை நம்ம நிலத்துக்கு எந்த மூலைக்கு சாமி?"

"பத்தாதுதான். மிச்சத்துக்கு நீ இந்தப் பொண்ணு வாசல்ல போய்க் கேளு. தோள் துணியை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் கேளு."