பூட்டி வைத்த வெர்ஷன்

"டீச்சர், வெர்ஷனை மாத்தாம இருக்க ஒரு வழியும் இல்லியா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பேர் உமையாள். அந்தத் திருநெல்வேலி சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனால் சிக்கலில் மாட்டி முழிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வந்து சேர்வார்கள்.

"எதுக்கு மாத்தாம இருக்கணும், அண்ணாச்சி?"



விஷயம் இதுதான். கம்பெனியில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் டிக்கெட் என்று பல ப்ராஜெக்ட். தேதியும் நேரமும் கணக்குப் பார்க்க எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே லைப்ரரி, அதாவது எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொது கோட். எழுதியவர் ஆவுடையப்பனின் கூட்டாளி மாசானம். புது வெர்ஷன் வரும்போதெல்லாம் மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள். ஆவுடையப்பன் மட்டும் தன் பஸ் ப்ராஜெக்ட் மாறாதபடி ஒரு வரி எழுதி, பழைய வெர்ஷனிலேயே பூட்டி வைத்திருந்தார். புதுசைப் பற்றி யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

இப்போது அந்தப் பழசில் ஓட்டை, திருடன் நுழையலாம். சாயங்காலத்துக்குள் மாற்றாவிட்டால் டிக்கெட் சேவையையே நிறுத்திவிடுவோம் என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது.

"மாசானம் இங்கே இருந்தப்ப கடைசியா கைவச்ச வெர்ஷன் அது," என்றார் ஆவுடையப்பன். "அவன் போன அன்னிக்கே பூட்டுனேன். எனக்குன்னு மிஞ்சினது அதுதான்."

"ஏதோ சண்டைன்னு கேள்விப்பட்டேன்."

"ஒரு பஸ்ஸுக்காக. சனி ராத்திரி பன்னிரண்டே காலுக்குக் கிளம்பும். லைப்ரரி கணக்குல அது ஞாயிறு. டிக்கெட்லயும் ஞாயிறுன்னே விழும். சனம் ஞாயித்துக்கிழமை ராத்திரி பெட்டியோட வந்து நிக்கும். பஸ் முந்தின ராத்திரியே போயிருக்கும்."

"அவர் என்ன சொன்னார்?"

"உன் ஒரு பஸ்ஸுக்காகப் பொது லைப்ரரியை வளைச்சா ஆஸ்பத்திரில பிள்ளை பிறந்த தேதி தப்பாயிரும்னான். நியாயம்தான். நான்தான் நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன். உனக்கு மனுசங்க வேண்டாம், கோட் போதும்னுட்டேன். மறுநாள் வேலையை விட்டுட்டான்."

"அப்புறம் பேசவே இல்லையா?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேச?"

சனிக்கிழமைதோறும் அந்தப் பஸ்ஸின் பயணிகளுக்கு அவரே போன் போடுவார். இன்னிக்கு ராத்திரிதான், சாப்பிட்டுட்டு நேரா வந்துருங்க என்பார். எல்லாரிடமும் சொல்லி முடித்த பிறகு விரல் மாசானத்தின் நம்பரில் போய் நிற்கும். அழுத்தாது. பாவம், அவ்வளவு ஏக்கம் மனுசனுக்கு.

உமையாள் கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"பூட்டை எடுங்க."

"எடுத்தா அவன் போயிருவான், டீச்சர்."

"எடுங்க, அண்ணாச்சி."

அழிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

புது வெர்ஷன் வந்து இறங்கியது. ஆனால் ஓடவில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றது: உங்கள் ப்ராஜெக்டில் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது?

"இது என்ன கூத்து? ராத்திரி பன்னிரண்டுக்குத்தானே தொடங்கும்?"

"எல்லாரும் அப்படித்தான் பன்னிரண்டுன்னு போட்டுட்டுப் போயிட்டாங்க. இது எதுக்கு இருக்குன்னு இங்கே ஒருத்தருக்கும் புரியலை."

ஆவுடையப்பன் அந்தக் கேள்வியை இன்னொரு தரம் படித்தார். பிறகு விடியற்காலை நாலு என்று போட்டார். சோதனைக்கு ஒரு டிக்கெட் அடித்துப் பார்த்தார்.

சனி இரவு, 12.15 என்று விழுந்தது.

"இப்படி ஒரு வசதி வேணும்னு யாரு கேட்டா?"

"இங்கே யாரும் கேக்கலை. லைப்ரரிக்கு வெளியாளுங்களும் கோட் எழுதி அனுப்பலாமே. வேலையை விட்டுப் போன ஒருத்தர் அனுப்பினார். மத்த ப்ராஜெக்ட் எதுக்கும் இடைஞ்சல் வராதுன்னு சோதிச்சும் அனுப்பினார்."

"எப்போ?"

"நீங்க பூட்டுன மறு வாரம்."